வேனா, படகா? டர்பனில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நானும் என் கணவரும் பதினான்கு மாதம் டர்பன் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகில் வாழ்ந்தோம். பிறகு அதை நஷ்டத்துக்கு விற்று வேன் வாங்கினோம். வேனில் இது இரண்டாவது வருடம். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் எங்களைப் பிடித்துக்கொண்டு யோசனை கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எது மலிவு?" என்றுதான். அது ஆறாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நாங்களும் அதையே முதலில் கேட்டோம். அதனால்தான் இரண்டு முறை பணம் கொட்டினோம்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்று படிகளுக்குப் பெரிய செலவு கிடையாது. அங்கேயே "இது நமக்குச் சரிப்படாது" என்று தோன்றினால் கௌரவமாகத் திரும்பிவிடலாம்.

1. இரவு எங்கே நிற்கப் போகிறீர்கள்?

வண்டியையோ படகையோ பார்க்கப் போவதற்கு முன் ஒரு காலண்டரை எடுத்து வையுங்கள். வருடத்துக்கு 365 இரவுகள். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே இடத்தின் பெயரை எழுதுங்கள். எழுத முடியாத மாதம்தான் உங்கள் பிரச்சினை.

வேன் வைத்திருப்பவர்கள் கடற்கரையில் நிறுத்திவிட்டுத் தூங்குவதாகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கேப் டவுனில் பொது இடத்தில் வண்டிக்குள் இரவு தூங்குவதை 2007ஆம் ஆண்டின் துணைச்சட்டமே தடுக்கிறது. மற்ற நகராட்சிகளுக்கும் அவரவர் துணைச்சட்டங்கள் உண்டு. போவதற்கு முன் அந்தந்த ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தை விடுங்கள், பாதுகாப்பே போதும். இரவு இரண்டு மணிக்கு யாரோ கண்ணாடியைத் தட்டும்போது, தட்டுபவர் காவலரா கள்ளரா என்று இருட்டில் யோசித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆகவே கட்டணம் கட்டி வண்டியை நிறுத்தி அதிலேயே தங்குகிற கேரவன் பூங்காக்கள்தான் உங்கள் ஊர். எங்கள் தென்கரையில் ஸ்காட்பர்க் தொடங்கி மார்கேட் வரை அவை வரிசையாக இருக்கின்றன. வேலை நாட்களில் கூட்டமே இருக்காது. மூத்த குடிமக்களுக்குக் கட்டணக் குறைப்பு தருகிறவர்களும் உண்டு. ஆனால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையிலும் ஈஸ்டரிலும் நிலைமை தலைகீழ். பல மாதங்களுக்கு முன்பே இடம் போய்விடும், கட்டணம் ஏறும், "குறைந்தது இத்தனை இரவு" என்ற நிபந்தனையும் சேரும். அந்த மூன்று வாரத்துக்கு அக்காவோ தம்பியோ முற்றத்தைத் திறந்துவிடுவார்களா என்று இப்போதே கேளுங்கள். முதல் மூன்று நாள் விருந்தாளி, நான்காம் நாளிலிருந்து வாசலை அடைத்த வண்டி. இது உறவின் குறையல்ல, வேனின் நீளம்.

படகு என்றால் கேள்வி இன்னும் கூர்மையானது. படகு நிறுத்த இடம் கிடைப்பது ஒன்று, அதில் குடியிருக்க அனுமதி கிடைப்பது வேறொன்று. மெரினா, அதாவது கட்டணத்துக்குப் படகு கட்டும் துறையின் அலுவலகத்தில் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: என் படகின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா? இரவு தங்கி வாழலாமா? அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு? மின்சாரமும் தண்ணீரும் கட்டணத்துக்குள்ளா வெளியேயா? எல்லாவற்றுக்கும் மேலாக: படகு கைமாறினால் இடமும் கைமாறுமா?

நாங்கள் விழுந்தது கடைசிக் கேள்வியில். "இடமும் சேர்த்துத்தான்" என்றார் விற்றவர். பணம் கொடுத்து மூன்றாம் நாள், இடம் அவர் பெயரில் இருந்தது, அவரோடு போய்விட்டது என்று தெரிந்தது. மூன்று மாதம் துறைமுகத்தின் நடுவே ஒரு மிதவையில் கட்டிக்கொண்டு கிடந்தோம். குடிநீர், காஸ் சிலிண்டர், அரிசி, வெங்காயம், அழுக்குத் துணி எல்லாம் ஒரு ரப்பர் படகில் போய் வந்தன. என் கணவரின் இடுப்பு அந்த மூன்று மாதத்தை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று. உம்பிலோ, உம்லாத்துசானா ஆறுகள் இந்தத் துறைமுகத்துக்குள்தான் விழுகின்றன. சாட்ஸ்வொர்த்தின் வடக்கு எல்லையில் ஓடுகிற அதே உம்லாத்துசானாதான். பெருமழை பெய்தால் நாணல், மரக்கட்டை, பிளாஸ்டிக் புட்டி எல்லாம் உங்கள் படகைச் சுற்றி வந்து நிற்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் துறைமுக நீரே தெரியாத அளவுக்குக் குப்பை மூடியது நினைவிருக்கும். எங்கள் பழைய தெருவில் யாரோ எறிந்த நாற்காலிக் கால் என் ஜன்னலைத் தட்டியிருக்கலாம்.

"டர்பன் சரியில்லை என்றால் வேறு ஊருக்குப் போய்விடுவோம், படகுதானே" என்று தோன்றும். வடக்கே ரிச்சர்ட்ஸ் பே ஏறத்தாழ 90 கடல் மைல். தெற்கே ஈஸ்ட் லண்டன் சுமார் 250 கடல் மைல். இடையில் ஒதுங்க ஒரு துறைமுகமும் இல்லை. அந்தக் கரையோரம் அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. அதற்கு எதிரே தென்மேற்குக் காற்று கிளம்பினால் அலை செங்குத்தாக எழுந்து கப்பலையே உடைக்கும். அனுபவசாலிகளே வானிலை இடைவெளிக்காக நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். புதியவருக்கு டர்பனில் படகு என்பது நகராத வீடு. அது பிடித்திருந்தால் வாங்குங்கள். நகரும் என்று நம்பி வாங்காதீர்கள்.

2. யாருடைய வீட்டுக் கதவு எண்?

வங்கி, சிம் கார்டு, ஓட்டுநர் உரிமம் புதுப்பித்தல், வாகனப் பதிவு எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று வேண்டும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின்சார அல்லது நகராட்சி ரசீது. வீட்டை வாடகைக்கு விட்டதும் ரசீது குடியிருப்பவர் பெயருக்குப் போய்விட்டால் நீங்கள் காகிதத்தில் காணாமல் போவீர்கள். எனக்கு அப்படித்தான் வங்கிக் கணக்கு பதினோரு நாள் முடங்கியது.

வழி எளிது, கிளம்பும் முன் செய்தால். சொந்த வீட்டை விற்காதீர்கள். வாடகைக்கு விடுங்கள், நகராட்சிக் கணக்கை உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். வீடு இல்லையென்றால், தம்பியோ மகளோ "இவர் என் முகவரியில் இருக்கிறார்" என்று காவல் நிலையத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரட்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அவர்களுடைய ரசீதின் நகலையும் அடையாள அட்டை நகலையும் அத்துடன் இணைத்து நான்கு படிகள் வைத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் இடம் உங்கள் பெயரில் இருந்தால், அவர்கள் கடிதத்தாளில் தரும் கடிதத்தைச் சில அலுவலகங்கள் ஏற்கும், சில ஏற்காது.

காப்பீட்டில் மட்டும் கதை சொல்லாதீர்கள். "வண்டி இரவில் எங்கே நிற்கும்?" என்ற கேள்விக்குத் தம்பி வீட்டு கராஜ் என்று எழுதிவிட்டு, மார்கேட்டில் திருட்டுப் போனால் ஒரு ராண்டும் வராது. முழுநேரம் குடியிருக்கிறோம் என்பதைச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேனுக்குள் நீங்கள் பொருத்திய சோலார், பேட்டரி, ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றையும் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள்.

3. ஏழு இரவு தூங்கிப் பாருங்கள்

ஜனவரியில். ஜூலையில் டர்பன் சொர்க்கம், எல்லாம் பிடித்துப்போகும். ஜனவரிப் புழுக்கத்தில், மழை பெய்து ஜன்னலைச் சாத்திய இரவில், ஒருவர் எழுந்தால் மற்றவர் நகர வேண்டிய இடத்தில் ஏழு நாள் இருங்கள். வேனை வாடகைக்கு எடுக்கலாம். படகுக்கு, தெரிந்தவர் ஊருக்குப் போகும் வாரத்தில் காவலுக்கு இருக்கிறேன் என்று கேளுங்கள். மகிழ்ச்சியாகச் சாவியைத் தருவார்கள், மெரினா அலுவலகத்தில் மட்டும் சொல்லிவிடுங்கள். இதைச் செய்யாமல் வாங்கியது எங்கள் முட்டாள்தனம்.

4. வேன் என்று முடிவானால்

முதலில் எடை. சாதாரணக் கார் உரிமமான பி வகையில் மொத்த எடை 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். அதற்கு மேல் சி1 வேண்டும். ஸ்ப்ரின்டர், கிராஃப்டர் போன்ற பெரிய வேன்களில் இரண்டு வகையும் சந்தையில் உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கதவோரத் தகட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். அந்த 3,500க்குள் நீங்கள், கட்டில், அலமாரி, பேட்டரி, தண்ணீர் எல்லாம் அடக்கம். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. என் கணவர் ஆசையாகச் செய்த தேக்கு அலமாரியை எடைமேடையில் நின்ற பிறகு கழற்றினோம். இப்போது அது மாமியார் வீட்டில் சாமி அலமாரி.

அடுத்து, பதிவுச் சான்றிதழில் உள்ள நிலைக் குறியீடு. 1 புதியது, 2 பழையது, 3 விபத்துக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது, 4 நிரந்தரமாக அழிக்கப்பட்டது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் 3. காப்பீட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள், விற்கும்போதும் அடிபடும்.

கைமாற்றத்துக்கு வேண்டியவை: விற்பவர் கையெழுத்திட்ட உரிமை மாற்ற அறிவிப்புப் படிவம், அசல் பதிவுச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று, பதிவு விண்ணப்பம், சாலைத் தகுதிச் சான்று. 21 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். சாலைத் தகுதிச் சான்று பதிவுக்கு 60 நாள்தான் செல்லும்; சீக்கிரம் எடுத்து வைத்துக் கெட்டிக்காரத்தனம் காட்டாதீர்கள். விற்பவர் கடனில் வாங்கியிருந்தால் உரிமைப் பத்திரம் வங்கியிடம் இருக்கும். பணத்தை அவர் கையில் கொடுக்காமல் வங்கிக் கடனை நேரே அடைத்து, அடைத்த கடிதத்தை வாங்குங்கள்.

சரக்கு வேனைக் குடியிருப்பு வேனாக மாற்றினால் வெற்று எடை கூடும். புதிய எடைமேடைச் சான்றுடன் உரிம அலுவலகத்தில் பதிவைத் திருத்த வேண்டும். ஆண்டுக் கட்டணம் வெற்று எடையைப் பொறுத்தது. மரவேலை தொடங்கும் முன்பே அந்த அலுவலகத்துக்கு ஒரு நடை போய், உங்கள் மாற்றத்துக்கு என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எங்களுக்கு மூன்று நடை ஆனது. காலை ஆறரைக்கு வரிசையில் நின்றால் பத்துக்குள் வெளியே வரலாம். பதினொன்றுக்குப் போனால் கணினி வேலை செய்யாது. ஏன் என்று கேட்காதீர்கள்.

5. படகு என்று முடிவானால்

தண்ணீரில் நிற்கும் படகை ஒருபோதும் வாங்காதீர்கள். கரையேற்றி, உங்கள் செலவில், நீங்கள் அமர்த்திய ஆய்வாளரை வைத்துப் பாருங்கள். விற்பவர் நீட்டும் பழைய ஆய்வறிக்கை அவருக்காக எழுதியது. ஃபைபர் உடலில் கொப்புளங்கள், சுக்கானில் ஈரம், அடிப்பகுதி வால்வுகள் திருகினால் திரும்புகின்றனவா, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயது, எஞ்சின் குளிர்ந்த நிலையில் கிளம்புகிறதா: இவை ஐந்தும் தெரியாமல் பேரம் பேசாதீர்கள். நாங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் ஓட்டி வைத்தேன்" என்றார் விற்றவர். நாங்கள் நன்றி சொன்னோம்!

காகிதத்தில் பார்க்க வேண்டியவை: விற்பனைப் பத்திரம், படகின் பதிவு அல்லது அங்கீகரிக்கப்பட்ட எண், கடல் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவின் விதிப்படி ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ். அந்தச் சான்று, கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பொறுத்து வகைப்படும்: ஏ என்றால் எல்லையில்லை, பி 40 கடல் மைல், சி 15, டி 5, ஈ 1. வகை உயர உயர உயிர்காப்புத் தெப்பம், ஒளிச் சமிக்ஞைகள் என்று சாமான் பட்டியலும் நீளும். துறைமுகத்தில் வாழத்தான் போகிறீர்கள் என்றால் ஏ வகைக்குப் பணம் கொட்டாதீர்கள். படகு 9 மீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது எஞ்சின் 15 குதிரைத்திறனுக்கு மேல் இருந்தால், கடலுக்குக் கொண்டு போகிறவரிடம் தகுதிச் சான்று வேண்டும். வகுப்பு, கடல் அனுபவம், கண் பரிசோதனை எல்லாம் சேர்த்து என் கணவருக்கு வார இறுதிகளிலேயே ஐந்து மாதம் போனது. வானொலிக் கருவிக்குத் தனித் தேர்வு. படகு வாங்கிய பிறகு படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். படிக்கும்போதே பாதிப் பேருக்கு ஆசை தெளிந்துவிடுகிறது.

இரண்டு பொறிகள். மெரினாவிடமிருந்து "இந்தப் படகின்மேல் பாக்கி ஏதுமில்லை" என்ற கடிதம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பாக்கி படகைத் தொடர்ந்து வரும். மற்றொன்று, கடல் பயணம் போதும் என்று டர்பனிலேயே படகை விற்றுவிட்டு விமானம் ஏறும் வெளிநாட்டவர்கள். விலை அழகாக இருக்கும். அந்தப் படகு தற்காலிகமாக நாட்டுக்குள் வந்து நிற்பது. நீங்கள் வாங்கினால் அது இறக்குமதி. 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி உங்கள் தலையில் விழும்.

6. இப்போது கணக்கு

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன். உங்களுடையது வேறாக இருக்கும். 31 அடி படகு 1,85,000 ராண்ட். இடமும் குடியிருப்புக் கட்டணமும் மாதம் 4,100. வேன் 2,65,000, உள்வேலை 1,40,000. கேரவன் பூங்காக்களுக்கு, நீண்ட தங்கல் சலுகையோடு, மாதம் சராசரி 5,200, டீசல் தனி.

பார்த்தவுடன் படகு மலிவாகத் தெரிகிறது, இல்லையா? எங்களுக்கும் தெரிந்தது. படகு மாதாமாதம் கடிக்காது, வருடத்துக்கு ஒருமுறை விழுங்கும். டர்பனின் வெதுவெதுப்பான நீரில், படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற ஓட்டுயிர் அரிசி உலை பொங்குவதுபோல வளரும். கரையேற்றி, சுரண்டி, அடிப்பூச்சு அடித்து, அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் கட்டிகளை மாற்றி இறக்க எங்களுக்கு 34,000 ஆனது. அப்போதுதான் ஒரு வால்வு கையோடு வந்தது. படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை வருடப் பராமரிப்புக்கு ஒதுக்கு என்பது படகுக்காரர்களின் பழைய கணக்கு. பழைய படகுக்கு அதுவும் போதவில்லை. கையில் அந்தத் தொகை சும்மா கிடக்காவிட்டால் படகு வேண்டாம். வேனில் இதற்கு இணையான அடி டயரும் கிளட்சும். அவற்றை எந்த ஊரிலும் மாற்றலாம்.

7. அடுப்பும் சாமி விளக்கும்

காஸ் காற்றைவிடக் கனமானது. வேனில் கசிந்தால் கதவு திறந்ததும் பெரும்பாலும் வெளியேறும். படகில் அடிக்குழிக்குள் இறங்கித் தேங்கி நிற்கும். நம் வீட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்பதுபோல. அங்கே ஒரு பொறி போதும். ஆகவே சிலிண்டர், வெளியே வழியுள்ள தனி அறையில் இருக்க வேண்டும். சமைத்து முடித்ததும் அடுப்பில் அல்ல, சிலிண்டரிலேயே மூட வேண்டும். பொருத்தும் வேலையைப் பதிவு பெற்ற காஸ் தொழிலாளியிடம் கொடுத்து, இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள். காப்பீட்டாளர் முதலில் கேட்கும் காகிதம் அது.

வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றாமல் எப்படி என்று என்னைப் போல நீங்களும் கேட்பீர்கள். சிலிண்டரை மூடி, மேல் கதவைத் திறந்துவைத்து, ஆடாத நாளில், பக்கத்தில் நின்றுகொண்டு ஏற்றினேன். கற்பூரம் வெளியே, தளத்தில். மற்ற நாட்களில் பேட்டரி விளக்கு. அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

தாளிப்பதையும் மீன் பொரிப்பதையும் வேனுக்குள் செய்யாதீர்கள். மெத்தை ஒரு மாதம் மணக்கும். வெளியே பந்தல் போட்டு ஒரு சின்ன அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து கேரவன்காரர் தட்டோடு வந்து அறிமுகமாவார். எங்கள் நட்பு வட்டத்தில் பாதி அப்படி வந்ததுதான்.

8. எந்த மாதத்தில் வாங்குவது?

வேனை பிப்ரவரி, மார்ச்சில் தேடுங்கள். டிசம்பர் விடுமுறை ஆசையில் வாங்கியவர்கள் அப்போதுதான் விற்பார்கள். ஈஸ்டர் நெரிசல் கழிந்து மே மாதத்தில் குடியேறினால், குளிரும் மழையும் இல்லாத நான்கு மாதம் பழகக் கிடைக்கும். டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கம் மட்டும் ஜூலையில் போகாதீர்கள்; குழாயில் தண்ணீர் உறையும்.

படகுக்கு, கரையேற்றும் தேதி கிடைத்த பிறகு விலை பேசுங்கள். அந்தத் தேதிக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். விற்பதற்கு அதைவிட நீண்ட பொறுமை வேண்டும். எங்கள் படகு விற்க எட்டு மாதம் ஆனது, 1,20,000க்கு. வாங்க வந்த இளம் தம்பதி ஏறிப் பார்த்து, இறங்கி, "இடமும் சேர்த்துத்தானே, ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி, மெரினா அலுவலகத்தின் கதவைக் காட்டினேன். நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள், இப்போதே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.